அவள் நகைக்காகத் திரும்பிப் போகவில்லை

மகன்,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. போன வெள்ளிக்கிழமை பின்னேரம், உனக்கு மனைவியாக வரப்போகும் பிள்ளை கிரானிலிருந்து எனக்குக் கோல் எடுத்தாள். உனக்குத் தெரியாமல் எடுத்ததாகச் சொன்னாள். அதற்காக அவளைக் கோபிக்காதே. சுகம் விசாரித்தாள். பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பிள்ளைகள் செய்த குழப்படி ஒன்றைச் சொல்லிச் சிரித்தாள்.  பிறகுதான் "மாமா, உங்களிட்ட ஒண்டு கேக்கணும்" என்றாள். "என்ட கழுத்துல காதுல ஒரு பொட்டுத் தங்கமும் இரிக்கப்படாதாம். தாலிக்கொடியும் வேணாமாம், மஞ்சக் கயிறு போதுமாம். அம்மா அழுறா. ஏனெண்டு கேட்டா அவர் கதைக்கிறார் இல்ல. உங்களுக்குத் தெரியுமா மாமா?"

எனக்குத் தெரியும். உன் அம்மா தங்கத்துக்காகச் செத்தவள் என்று நீ எட்டு வயதிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறாய். சுனாமியன்று முதல் அலை வற்றியதும் அவள் நகைப் பெட்டியை எடுக்க வீட்டுக்குத் திரும்பி ஓடினாள், இரண்டாவது அலை அவளைக் கொண்டுபோனது: இதுதான் உனக்குத் தெரிந்த கதை. உனக்கு மட்டுமல்ல, இந்த நாட்டில் தொலைக்காட்சி பார்த்த பாதிப் பேருக்கு அது தெரியும். அந்தக் கதையைச் சொன்னவன் நான். அது பொய். அவள் நகைக்காகப் போகவில்லை. நான் அனுப்பித்தான் போனாள். என்னுடைய சாமான் ஒன்றை எடுத்துவரப் போனாள்.

இதை உனக்குக் கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நீ மாதத்துக்கு ஒருமுறை டோகாவிலிருந்து எடுப்பாய். "சாப்பிட்டீங்களா" என்பாய், நான் "ஓம்" என்பேன், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படியொரு நாளில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் என் குரலை நான் நம்பவில்லை. துக்கமான சொல் வந்தால் அது தானாகவே தழுதழுக்கும், தேவையான இடத்தில் நிற்கும். நாற்பது வருடம் பழக்கிய குரல். அதைக் கேட்டு நீ எனக்காக இரங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து ஒரு கிழமை கழித்து, இதன் பிரதியை இங்கே வரும் ஒரு வாரப்பத்திரிகைக்கும் கொடுப்பேன். போடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஊர் பார்க்கச் சொன்ன பொய்யை உன் காதோடு மட்டும் மாற்றிச் சொன்னால் உன் அம்மாவுக்கு அதில் என்ன கிடைக்கும்?

நான் நடிக்க வந்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ கேட்டதுமில்லை. உனக்கு நினைவு தெரியும் முன்னர் நான் ஓட்டமாவடி வழியே பொலன்னறுவைக்கு ஓடிய அரசாங்க பஸ்ஸில் கொண்டக்டர். சிங்களம் அந்தப் பஸ்ஸில் கற்றதுதான். வாழைச்சேனைக்கு இங்காலே ஒரு தமிழ், ஓட்டமாவடியில் முஸ்லிம் ஆட்கள் ஏறினால் இன்னொரு தமிழ், மன்னம்பிட்டிக்கு அங்காலே சிங்களம். டிக்கெட் கிழிக்கும்போதே ஒவ்வொருவரும் எப்படிக் கதைக்கிறார்கள், எப்படிக் காசை மடித்துத் தருகிறார்கள், சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கும்போது எப்படித் தோளைக் குறுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மட்டக்களப்பில் பள்ளிக்கூட மண்டபங்களில் நாடகம் போடுவோம். எனக்கு எப்போதும் இரண்டாம் மூன்றாம் வேடம்தான். கதாநாயகனின் தகப்பன், குடிகாரன், சந்தேகப்படும் மாமன், கடைசியில் திருந்துகிற முதலாளி. அதில் எனக்குக் குறையில்லை. மேடையில் அந்த மனிதனாகவே நின்றேன். அந்த நாட்களில் நான் நல்ல நடிகன், மகன். இதை மட்டும் பெருமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை.

கொழும்பிலிருந்து தொலைக்காட்சி நாடகம் எடுக்க வந்த ஒருவர் பஸ்ஸில் நான் பயணிகளைப்போல் பேசிக் காட்டுவதைப் பார்த்துக் கூட்டிப்போனார். முதல் வேடம், சிங்களக் கிராமம் ஒன்றில் கடை வைத்திருக்கும் தமிழன். நான் ஒழுங்கான சிங்களத்தில் வசனம் பேசினேன். படப்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்படிப் பேசினால் யார் சிரிப்பார்கள், உடைத்துப் பேசு என்றார்கள். உடைத்தேன். சிரித்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் உடைந்த சிங்களம்தான் என் தொழில்: தையல்காரன், சாத்திரி, ஹோட்டல் வாசலில் நிற்கும் காவல்காரன். முதல் நாடகம் ஓடியபோது உன் அம்மா பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பஸ்ஸில நல்லாத்தானே சிங்களம் கதைப்பீங்க. இதில ஏன் இப்பிடி?" என்று கேட்டாள். அப்படித்தான் அவர்களுக்கு வேணும் என்றேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "உங்களுக்கும் அப்பிடித்தான் வேணுமா?" என்றாள். 

உன் அம்மாவின் பெயர் பூமணி. எத்தனையோ பேட்டியில் அவளைப் பற்றி அழுதிருக்கிறேன், ஒன்றிலாவது இந்தப் பெயரைச் சொன்னதில்லை. "என் மனைவி" என்றே சொன்னேன். அவள் நாடகம் பார்த்து வளர்ந்தவள் அல்ல. ஆனால் எனக்கு வசனம் பாடமாக்க அவளைவிட நல்ல துணை இல்லை. மற்ற எல்லாருடைய வசனத்தையும் அவள் வாசிப்பாள். அரிசி அரித்துக்கொண்டே வாசிப்பாள், உனக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே வாசிப்பாள். நான் பிழை விட்டால் ஒரு பார்வை. கல்யாணம் முடித்து நான் அவளுடைய வீட்டுக்கு வந்தவன், நம் பக்கத்து வழக்கப்படி. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு தெருவும் தென்னைகளுமாகக் கிடந்த மணலில் அவளுக்குச் சீதனமாக வந்த சின்னக் கல்வீடு. அவளுக்குக் கழுத்திலும் கையிலும் போட்டு அனுப்பியது அவளுடைய அண்ணன், உன் மாமா. தகப்பன் இல்லாத தங்கைக்காக இரண்டு வருடம் சவூதியில் வெயிலில் நின்று சேர்த்த நகை அது. இதை நீ மறக்கக்கூடாது. நான் சொன்ன பொய் யாரைப் போய் வெட்டியது என்று பிறகு எழுதுகிறேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, நான் கொழும்பில் ஒரு இயக்குநரைப் பார்க்க இருந்தேன். பெரிய படம். முதல்முறையாக எனக்குக் கதையில் பெயருள்ள ஒரு வேடம், கடைசிவரை வரும் வேடம். என்னுடைய பழைய படங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மேடையில் எடுத்தவை, தொலைக்காட்சியில் வந்தவை, பத்திரிகையில் வெட்டியவை எல்லாவற்றையும் உன் அம்மா ஒரு அல்பத்தில் ஒட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் நாடகத்தின் பெயரையும் வேடத்தையும் தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள். அன்று காலை அதை மேசையில் எடுத்து வைத்துவிட்டு நான் சேட்டு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். அவள் குசினியில் புட்டு அவித்தாள். நீ முற்றத்தில் நின்றாய். தெருவில் ஆட்கள் கத்தி ஓடும் சத்தம் கேட்டது. என்னவென்று பார்ப்பதற்குள் கறுத்த தண்ணீர் முற்றத்தில் ஏறி முழங்காலுக்கு வந்துவிட்டது. அவள் உன்னைத் தூக்கினாள். வாவிப் பக்கத்துப் பள்ளிக்கூட மாடிக்கு ஓடினோம். ஓடும்போது எனக்கு வலது காலில் ஏதோ கீறியது.

மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வற்றிப் போய்க்கொண்டிருந்தது. கடல் வெகுதூரம் உள்ளே போய் மணல் தெரிந்தது. அவ்வளவுதான், இனி வராது என்று சிலர் சொன்னார்கள். சிலர் கீழே இறங்கிப் பார்க்கவும் போனார்கள். மாடி விறாந்தையிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியும். நின்றது, கதவு திறந்தபடி. எனக்கு அப்போது அல்பம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் மேசை உயரத்துக்கு வரவில்லை, இப்போது போனால் நனையாமல் எடுக்கலாம், இன்னொரு தண்ணீர் வந்தால் இருபது வருடம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். உன் அம்மாவிடம், அல்பம் மேசையில் கிடக்கிறது, ஓடிப்போய் எடுத்து வா என்றேன். "இப்பவா?" என்றாள். தண்ணி வத்திட்டுதுதானே என்றேன். என் காலைக் காட்டினேன். ஆணி கீறிய சின்னக் காயம், மகன். விரல் நகமளவு. அதை வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து இரண்டு அடி நொண்டிக் காட்டினேன். எனக்குப் பயமாக இருந்தது, அந்த மணலில் இறங்க. அதைச் சொல்ல வெட்கப்பட்டு நொண்டினேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். வசனத்தில் பிழை விட்டால் பார்ப்பாளே, அதே பார்வை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று இப்போதும் நம்புகிறேன்.  "எங்க வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். "மேசையில, பேப்பருக்குக் கீழ" என்றேன். நீ அவளுடைய சீலையைப் பிடித்திருந்தாய், இரண்டு கையாலும். பதினாலு வயதில் ஒருமுறை, விடுதி வாசலில் வைத்து, நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "அம்மா என்ட விரல ஒவ்வொண்டாப் பிரிச்சு விட்டுட்டுப் போனவ. எனக்கு நல்லா நினைவிருக்கு" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன் விரல்களைப் பிரித்தது அவள் அல்ல. நான். அவள் இறங்கிப் போகப் பார்த்தாள், நீ விடவில்லை, நான் பின்னால் நின்று ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். நீ கண்ணை அவளில் வைத்திருந்தாய், அதனால் யாருடைய கை என்று பார்க்கவில்லை.

அவள் வீட்டுக்குள் போனதைப் பார்த்தேன். வெளியே வந்ததையும் பார்த்தேன். அல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சீலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கிணற்றைத் தாண்டி வந்தாள். அவளுக்குப் பின்னால் தென்னைகளின் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நான் உன் கண்ணைப் பொத்தினேன். என்னுடையதைப் பொத்தவில்லை.

மூன்றாம் நாள் வாவிக் கரையில், கண்டல் செடிக்குள் அவளைக் கண்டெடுத்தோம். உன் மாமா பனிச்சங்கேணியிலிருந்து பாதி வழி நடந்தே வந்திருந்தார். அந்தப் பக்கமும் கடல் அள்ளியிருந்தது, பாதை இல்லை. தங்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மேல ஏறினவள் ஏன் மச்சான் மறுகாத் திரும்பிப் போனவள்?" என்பது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த மூன்று நாளும் ஊரில் அப்படிப்பட்ட கதைகள் பல அடிபட்டன: இன்னாருடைய பெண்சாதி நகை எடுக்கப் போனவள், இன்னார் பாஸ்புக் எடுக்கப் போனவர். நான் யோசிக்கவே இல்லை, அது வாயில் தயாராக இருந்தது. "நகைய எடுக்கப் போனாள். நான் போகவேணாம் எண்டன். கேக்கல்ல" என்றேன். மாமா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நீ என் பக்கத்தில் நின்றாய். உனக்கும் அந்த நிமிடம்தான் அது உண்மையானது. மாடியில் நாங்கள் பேசியது உனக்குக் கேட்டிருக்கும் என்று சில காலம் பயந்தேன். எட்டு வயதுப் பிள்ளை. சனம் கத்திக்கொண்டு நின்ற இடம். கேட்டதைவிடத் தகப்பன் சொன்னதையே நீ நம்பினாய்.

அந்தப் படம் ஆறு மாதம் தள்ளிப்போனது. என் செய்தியை அறிந்த இயக்குநர் வேடத்தையே மாற்றினார். மனைவியைக் கடலுக்குக் கொடுத்த மீனவன் ஆனேன். படம் வரும் முன் ஒரு தொலைக்காட்சியில் பேட்டி வைத்தார்கள். கேள்வி கேட்ட பெண், உங்கள் மனைவி கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். எந்தக் கமெராவில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினேன். "கொஞ்சம் பொறுங்க, அண்ணன் தந்த நகை, எடுத்திட்டு ஓடி வாறன் எண்டாள்" என்று, அவள் சொல்லாத வசனத்தை எழுதி அவள் வாயில் வைத்தேன். சிங்களத்தில் ஒருமுறை, தமிழ் நிகழ்ச்சிக்காகத் தமிழில் இன்னொருமுறை. இரண்டு முறையும் கண்ணீர் வந்தது. அது உண்மையான கண்ணீர்தான், அதுதான் கேவலம். அடுத்த நாளிலிருந்து எனக்கு ஓய்வில்லை. உடைந்த சிங்களம் முடிந்து அழும் தகப்பன் வேடம் தொடங்கியது. பத்திரிகைக்காரர் என்னைக் குணச்சித்திர நடிகர் என்று எழுதத் தொடங்கினார்கள். குணம் என்ற சொல்லை என் பெயருக்கு முன்னால் காணும்போது இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

நீ அப்போது டவுனில் விடுதியில். அந்தப் பேட்டியை விடுதி மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பார்த்தாய் என்று உன் வகுப்பு ஆசிரியர் பிறகு சொன்னார். நகைக்குச் செத்தவளின் மகன் என்று ஒருவன் சொல்ல, நீ அவனுடைய பல்லை உடைத்தாய். என்னைக் கூப்பிட்டார்கள். வந்தேன். ஆசிரியர் வெளியே போய் எங்கள் இருவரையும் தனியே விட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வாய்த்திருக்காது. நான் உன் தலையைத் தடவி, இனி அடிபடாதே என்று புத்தி சொல்லி, கொழும்பில் வாங்கிய சேட்டு ஒன்றைத் தந்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்றைக்கு நீ கேட்டது ஒன்றே ஒன்று: "அவவுக்கு என்னவிட நகைதான் பெரிசா அப்பா?" நான், "அப்பிடி நினைக்கப்படாது மகன்" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த நாளில் நான் கொழும்புக்கு வெளியே ஒரு வீட்டில் படப்பிடிப்பில் இருந்தேன். ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். வேலையை நிறுத்தி எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். முதல் துண்டை எனக்குத்தான் கொண்டுவந்தார்கள், அங்கே நின்ற ஒரே தமிழன் என்பதால். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒப்பனைக்காரர் என் கையைப் பிடித்து, இனி நீங்கள் பயமில்லாமல் ஊருக்குப் போகலாம் என்று அன்பாகவே சொன்னார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்றேன். அதே நேரம் உன் மாமாவின் மகன் சுதன், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பனிச்சங்கேணிப் பாலத்தில் நடந்தவன், வன்னியில் எங்கேயோ இருந்தான், அல்லது இல்லாமல் போயிருந்தான். அவனைச் சண்டைக்கென்று இயக்கம் பிடித்துக்கொண்டு போய் மூன்று வருடத்துக்கு மேல்.

மூன்று மாதம் கழித்து மாமா வெள்ளவத்தையில் என் அறைக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. சுதனின் படத்தைப் பொலித்தீன் பையில் வைத்திருந்தார். சாரன் நுனியால் பையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "உங்கள ஆமிக்காரங்களுக்குத் தெரியும் மச்சான். படத்தில பாக்கிறவங்கதானே. ஒருக்காக் கேட்டுப் பாருங்க, காம்பில இரிக்கானா எண்டு" என்றார். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டேன். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. இயக்கத்தில் இருந்த பையனுக்கு இவன் சொந்தக்காரன் என்று தெரிந்தால் வேடம் வராது என்று பயந்தேன். மாமா கிழமைக்கு ஒருமுறை கோல் எடுப்பார். விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், பதில் வரவில்லை என்பேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம் எனக்கு ஒரு படம் வந்தது. காணாமல் போன மகனைத் தேடி முகாம் வாசலில் நிற்கும் தகப்பன். கடைசியில் அந்தத் தகப்பன் காவலில் நிற்கும் சிப்பாயைத் தன் மகன் என்று சொல்லிக் கட்டிப்பிடிப்பான். படம் அப்படி முடிய வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள், நான் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. வாசல் காட்சியில் அழ வேண்டாம், சும்மா நில்லுங்கள் என்றார் இயக்குநர். நான் உன் மாமாவைப்போல் நின்றேன். உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு, சாரன் நுனியால் பொலித்தீனைத் துடைத்து, படத்தைக் காவல்காரனுக்குக் காட்டாமல் என் பக்கமே திருப்பிப் பிடித்தபடி. படப்பிடிப்பில் கையில் இருந்தது அவர்கள் தந்த யாரோ ஒரு பையனின் படம். ஆனால் முதல் நாள் அறையில் கண்ணாடிக்கு முன்னால் பழகியது சுதனுடைய படத்தை வைத்துக்கொண்டு. அந்த வேடத்துக்குத்தான் எனக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் பரிசு வாங்கும் படத்தை நீ பேஸ்புக்கில் பார்த்துவிட்டு, "வாழ்த்துகள் அப்பா" என்று ஒரு வரி அனுப்பினாய். நீ எனக்கு எழுதியதில் அன்பான வரி அது ஒன்றுதான்.

அந்தப் பிள்ளை கோல் எடுத்த மறுநாள், சுதனின் படத்தையும் எடுத்துக்கொண்டு, மட்டக்களப்பில் ஓட்டமாவடி பஸ் எடுத்து, வாழைச்சேனையில் மாறி, பனிச்சங்கேணிக்குப் போனேன். உனக்குச் சொல்லும் முன் மாமாவிடம் சொல்ல நினைத்தேன். அவரிடம் சொல்லிப் பழகினால் உன்னிடம் சொல்வது இலகு என்ற எண்ணமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அவர் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். மிகவும் மெலிந்துவிட்டார். மச்சாள், உன் மாமி, தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு உள்ளே போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அல்பம், கால், விரல்கள், பேட்டி, சுதனைப் பற்றி யாரிடமும் கேட்காதது, அந்த வேடம். அழாமல் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசையும் பின்னினார். நான் சொல்லி முடித்துக் கனநேரம் கழித்துத்தான் ஊசியை வைத்தார்.

"படத்தையும் பாத்தன்" என்றார். "அதில நான்தான் நிக்கிறன் எண்டு பொஞ்சாதிதான் சொன்னாள். அது பறவாயில்ல. அவன் எப்பிடியும் வந்திருக்கமாட்டான்." பிறகு, "பூமணி அப்பிடிப் போறவள் இல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொன்னீங்க. என்ட நகைதான் அவளக் கொண்டு போன எண்டு நினைச்சுக்கொண்டு இருவது வருசம் இருந்தன். சவூதிக்குப் போகாம விட்டிருந்தா அவள் இருந்திருப்பாள் எண்டு. இனி நான் அத என்ன செய்யிற?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் வழி கேட்பதுபோல் கேட்டார். பிறகு மகனுக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன். "முதல்ல அவனுக்குச் சொல்லுங்க. தாயப் பிழையா நினைச்சுக்கொண்டு அவன் தாலி கட்டப்படாது." நான் எழும்பினேன். "சுதன்ட படத்த வச்சிட்டுப் போங்க" என்றார். வைத்தேன். "இனி இஞ்ச வராதீங்க" என்றார். தங்கையின் புருசனுக்குக் கொடுக்கும் மரியாதையை அப்போதும் அவர் குறைக்கவில்லை. மச்சான் என்ற சொல் மட்டும் வரவில்லை.

இனி உன் கல்யாணம். உன் அம்மாவுக்கு நகை பிடிக்கும். திருவிழாவுக்குத் தோடு போட்டால் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், நான் பார்த்துவிட்டால் வெட்கப்படுவாள். அவ்வளவுதான் அவளுக்கும் தங்கத்துக்கும் இருந்த உறவு. எனவே அந்தப் பிள்ளை போட ஆசைப்படுவதைப் போடட்டும். கயிறா கொடியா என்பதை நீங்கள் இருவரும் இருந்து கதைத்து முடிவெடுங்கள். இப்போது உனக்குக் காரணம் தெரியும், அவளுக்கு நீயே சொல். நான் சொல்லமாட்டேன். உன்னிடமிருந்து அவள் கேட்கும் முதல் பெரிய விஷயம் உன் வாயிலிருந்தே வரட்டும். சொல்லும்போது என்னை நல்லவனாக்க முயலாதே. மணவறையில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் மாமாவை நிறுத்து. அவரை அழைக்க நீயே பனிச்சங்கேணிக்குப் போ, கோலில் கூப்பிடாதே. அவர் உன்னைப் பார்த்ததும் தங்கையின் முகத்தைத் தேடுவார். கொஞ்ச நேரம் அப்படி இருக்கக் கொடு.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னித்தாலும் இல்லாவிட்டாலும் திங்கட்கிழமை எனக்குப் படப்பிடிப்பு இருக்கிறது, போவேன். பேரன் தொலைந்துபோன ஒரு கிழவன் வேடம். வேறு தொழில் எனக்குத் தெரியாது. பத்திரிகையில் இது வந்த பிறகு அதுவும் இருக்குமோ தெரியவில்லை. இல்லாவிட்டால் அதற்கும் நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு வா என்றால் வருவேன். வந்து பின்வரிசையில் இருப்பேன், படம் எடுப்பவர்கள் என் பக்கம் திரும்பினால் எழும்பி வெளியே போவேன். வரவேண்டாம் என்றால் அதையும் நீயே எனக்குச் சொல். சொல்லக் கஷ்டமாக இருக்கும். யாரையாவது கொண்டு சொல்விக்கலாமா என்று தோன்றும், பக்கத்தில் அந்தப் பிள்ளை இருப்பாள், கேட்டால் செய்யவும் செய்வாள். அவளை அனுப்பாதே, மகன். உனக்குப் பயமான இடத்துக்கு நீயே போ.

அப்பா